அப்துல்லாபுரத்து ஆடுகளும் அரக்கோணத்து ராஜாளியும்

முதல் நாள், வெள்ளி

லால்பாக் எக்ஸ்பிரஸ் காட்பாடிக்கு வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெயில் எனக்கு முன்னாடியே வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தது. வேலூரில் மூன்று வருடம் கல்லூரியில் படித்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனாலும் பெங்களூரில் பத்து வருடம் இருந்து உடம்பு கெட்டுப்போயிருக்கிறது.

பயணத்துக்குக் காரணம் என் தாய்மாமா. அரக்கோணத்தில் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது முடிகிறது. “சாந்தி கீந்தியெல்லாம் ஒண்ணும் வாணாம், வந்து ஒரு வேளை சாப்ட்டுப் போ” என்று சொல்லியிருந்தார். கடற்படையில் முப்பது வருடத்துக்கு மேல் விமான இன்ஜின்களோடு மல்லுக்கட்டியவர். நேராக அரக்கோணத்துக்கே போயிருக்கலாம். நான்தான் மூன்று நாளாக இழுத்துக்கொண்டேன்.

வட ஆற்காட்டில் எனக்குத் தெரிந்த ஓடுபாதைகள் இரண்டு. (வட ஆற்காடு என்றுதான் எங்கள் அம்மா இன்னும் சொல்வார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று அது நாலாகப் பிரிந்த சேதி அவர் காதில் ஏறவேயில்லை.) ஒன்று, ஆடு மேயும் அளவுக்குச் சின்னது. இன்னொன்று, அரக்கோணம் கடற்படைத் தளத்தில், நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இரண்டிலும் ஒவ்வொரு முறை, ஒரு விமானம் தரையோடு தரையாகப் பறந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு இடத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வேலூரிலிருந்து பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம் போனால் அப்துல்லாபுரம். வெள்ளைக்காரன் காலத்தில், 1930-களில் போட்ட ஓடுதளம் அது. நான் கல்லூரியில் சேர்ந்த 2007 வாக்கில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்காரர்கள் அங்கே வந்து பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இறக்கை தலைக்கு மேலே இருக்கும் குட்டி செஸ்னா விமானம். தரையைத் தொடும், நிற்காமலே மறுபடி மேலே போகும், ஊரை ஒரு செவ்வகமாகச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து தொடும். காலையிலிருந்து மத்தியானம் வரை இதே வேலை. ஊரில் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

என்னோடு படித்தவன் வீடு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் அவன்தான் வீட்டு ஆடுகளை ஓட்டிப்போக வேண்டும், நானும் கூடப் போவேன். ஒரு நாள் சீமைக்கருவேல நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால் மந்தை மொத்தமும் ஓடுபாதையில். வெயிலில் தார் சூடேறிக் கிடக்கும் இடத்தில் அதுகளுக்கு என்ன வேலையோ! அந்த நேரம் பார்த்து செஸ்னா இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுகளைப் பார்த்துவிட்டு, பாதி வழியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. ஆடுகள் அசையவில்லை.

இரண்டாவது முறை வந்ததே, அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இறங்குகிற வேகத்தில் வரவில்லை, இன்ஜின் முழுசாக உறுமியது. தென்னை மர உயரம்கூட இருக்காது. ஓடுபாதையின் மேலே, அதன் நிழல் ஆடுகளின் முதுகில் தடவிக்கொண்டு போகிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே நேர்கோடு. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. நண்பன் கருவேலம் புதருக்குள் சிதறினான்.

அப்புறம் ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்தது ஒரு பெண். இருபது இருபத்தொன்று வயதிருக்கும், எங்களைவிட இரண்டு வயது பெரியவர். சொல்லிக்கொடுப்பவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் திட்டப் போகிறார் என்று நினைத்தோம். புதரைப் பார்த்து, “தம்பி, வெளிய வாங்க. ஆடு எத்தனை? எண்ணிப் பாருங்க” என்றார். நண்பனுக்குப் புரியவில்லை. “ஒண்ணும் அடிபடலையே? எண்ணிச் சொல்லுங்க, அப்பதான் நான் போவேன்.”

அவன் எண்ணினான். அவர் நின்றார். இருபத்து மூன்று. “சரியா இருக்கா?” “சரியா இருக்குக்கா.” தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்று நண்பனுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. என்னைப் பார்த்ததும், “இன்னாடா மச்சான், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றான். ஓடுதளத்தைச் சுற்றி இப்போது மதில். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் புதுப்பித்து, பயணிகளுக்குச் சின்னதாக ஒரு கட்டடமும் கட்டியிருக்கிறார்கள். “ப்ளேன் வருது வருதுன்றாங்க. வந்தா நம்ம கடையில காத்து அடிச்சிக்கினு போவட்டும்” என்றான். மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரு காகம் நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவன் அம்மாவிடம் அந்த ஆட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “இருபத்து மூணு இல்ல, இருபத்து நாலு” என்றார். நண்பன் சத்தியம் செய்தான். அவர் விடவில்லை. விவகாரம் முடியாமலே கிளம்பினேன். கிளம்பும்போது பையில் இரண்டு கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் திணித்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பைப் பிடித்தால் கையில் குத்தும், குழம்பில் போட்டால் வெண்ணெய்.

சாயந்திரம் விரிஞ்சிபுரம் போய்விட்டு வந்தேன். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சும்மா சொல்லவில்லை. சாமி பெயர் மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணை நாதர். பயணம் போகிறவர்களுக்குத் துணை வருகிறவர். உள்ளே பாதி வட்டமாக ஒரு கல், வெயிலின் நிழலைக் கொண்டு மணி காட்டும். நான் போனபோது சூரியன் மதிலுக்குக் கீழே போய்விட்டதால் மணி தெரியவில்லை. மொபைலில் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், சனி

நேற்று எழுதியதை மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். காலை ஐந்தரைக்கு போன். வாழ்த்து கிழ்த்து இல்லை, திருத்தம்தான்.

“டேய், மொதல்ல வந்து மேல போச்சே, அதுக்குப் பேரு லோ பாஸ் இல்ல. அது கோ அரவுண்ட். இறங்க வந்தவன் இறங்க முடியாம போறது. ரெண்டாவது வந்ததுதான் லோ பாஸ். இறங்கற எண்ணமே இல்லாம, வேணும்னே தாழ வந்து போறது. ரெண்டையும் ஒண்ணாக்கிடாத.”

நான் எங்கே ஒன்றாக்கினேன்? ஆனால் மாமாவிடம் அதைச் சொல்ல முடியாது. லோ பாஸ் எதற்கெல்லாம் என்று தொடர்ந்து கால் மணி நேரம் பாடம். ஓடுபாதையில் ஆடு மாடு இருந்தால் விரட்ட. அறிமுகமில்லாத தளமாக இருந்தால், குழி மேடு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க. சக்கரம் சரியாக வெளியே வந்திருக்கிறதா என்று விமானிக்குச் சந்தேகம் வந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் பைனாகுலர் வைத்துப் பார்த்துச் சொல்ல. “அப்புறம் சும்மா ஒரு வணக்கம் சொல்லவும் உண்டு” என்றார். தாழ வரும்போது இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் காற்று மெத்தை மாதிரி தாங்கும், விமானம் மிதந்துகொண்டே போகப் பார்க்கும், அதை நம்பி அசந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். நான் பல் விளக்கிக்கொண்டே கேட்டேன்.

இன்றைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்காட்டில் இறங்கி மக்கன்பேடா வாங்கினேன். நம்ம குலாப் ஜாமூனுக்குத் தூரத்து அண்ணன், உள்ளே முந்திரி பாதாமெல்லாம் பதுங்கியிருக்கும். அரை கிலோ மாமாவுக்கு, இரண்டு எனக்கு, அங்கேயே. அப்புறம் வாலாஜா ரோடு ரயில் நிலையம் வரை போனேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத்தான் ஓடியது. அந்தப் பெருமைக்கு ஏற்ற பரபரப்பு ஒன்றும் அங்கே இல்லை. பெஞ்சில் ஒருவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் சோளிங்கர். பெரிய மலைக்கு 1305 படி. இப்போது ரோப் கார் இருக்கிறது. படியேறி வந்ததாக எழுதத்தான் ஆசை, ஆனால் கூட வந்திருந்த ஒரு பாட்டி படியில் போக, நான் ரோப் காரில் போனேன் என்பதே உண்மை. மேலே யோக நரசிம்மர். எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயர். குரங்குகளுக்கு மக்கன்பேடா டப்பாவின் வாசனை எப்படித் தெரிந்ததோ, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே தரிசனம் செய்தேன்.

கீழே வட ஆற்காடு விரிந்து கிடந்தது. ஏரிகள் பாதி நீரோடு, பாறைக் குன்றுகள் யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி. கிழக்கே அரக்கோணம் பக்கம் புகைமூட்டத்தில், ஒரு சாம்பல் புள்ளி மெதுவாகச் சாய்ந்து திரும்பியது. சத்தமே இல்லை. கடற்படையின் போயிங்காகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறுவன் தன் அப்பாவிடம், “அது ஏன்பா இறங்கவே மாட்டேங்குது?” என்று கேட்டான். அப்பா, “பெட்ரோல் நிறைய போட்டிருப்பாங்க” என்றார். நல்ல பதில்.

மூன்றாம் நாள், ஞாயிறு

மாமா வீட்டு வாசலில் முதல் கேள்வி: “கத்திரிக்கா எங்க?”

அத்தை குக்கரை இறக்கிவிட்டு வந்து பையை வாங்கிக்கொண்டார். மாமாவின் தலை முழுக்க நரைத்திருக்கிறது. முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நேர். வலது முழங்கால்தான் மக்கர் செய்கிறதாம். “மூணாம் நம்பர் சரியில்லடா” என்றார். ஏன் மூன்றாம் நம்பர் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊரின் ஓரத்தில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்குப் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. கடற்படைக்காரர்கள் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர்தான் வைப்பார்கள். கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்ஸா, விசாகப்பட்டினத்தில் டேகா, மும்பையில் ஷிக்ரா. நம் பக்கத்துக்குத் தமிழிலேயே ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய பழைய தளம் இது. 1992 மார்ச் 11-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கடற்படைத் தளமாகத் தொடங்கிவைத்தார். அதே வருடம் கோவாவிலிருந்து 312-ஆம் அணி, ‘அல்பட்ராஸ்’ என்று பெயர், தன் ரஷ்ய விமானங்களோடு இங்கே குடிவந்தது. மாமாவும் அவற்றோடு வந்தார். ஊர் ஊராகச் சுற்றியவனுக்குச் சொந்த ஊரிலேயே வேலை. “லாட்டரி அடிச்ச மாரி” என்பார் அத்தை. “எனக்கு அடிச்சுது, பாத்திரத்துக்கு அடிக்கல” என்றும் சொல்வார். விமானம் கிளம்பினால் பரண் மேல் இருக்கும் பித்தளைத் தவலையும் குண்டானும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடுமாம்.

அந்த விமானம்தான் டியூபொலெவ் 142. மாமா வாயில் எப்போதும் ‘டியூ’. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஐம்பது மீட்டர். நாலு இன்ஜின். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறி, ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் இன்னொன்று எதிர்ப்பக்கம். விசிறிக்கு நாலு இறகு. “மொத்தம் முப்பத்திரண்டு. எல்லாத்தையும் தொட்டுப் பார்த்திருக்கேன்” என்று கையை விரித்துக் காட்டினார். மேலே போனாலும் கீழே வந்தாலும் விசிறி சுற்றும் வேகம் மாறாது, இறகின் சாய்மானம்தான் மாறுமாம். அதனால் அதன் உறுமல் ஒரே சுருதியில் இருக்கும். “கடலுக்கு அடியில கீற நீர்மூழ்கிக்காரனுக்கே கேக்கும்னு சொல்லுவாங்க. அவனைத் தேடிப் போறதே இதுதான், பாரு கூத்தை.”

விமானிகளைப் பற்றிக் கேட்டேன். பெயர் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் ‘சார்’தான். ஒரு சார் கிளம்புவதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தட்டுவாராம், மாட்டைத் தட்டுகிற மாதிரி. இன்னொருவர் பத்து மணி நேரத்துக்கு மேல் கடல்மேல் சுற்றிவிட்டு இறங்கியதும் காது அடைத்துப்போய், யார் என்ன சொன்னாலும் “தேங்க் யூ” என்பாராம். ஒரு தடவை, “சார், பின் சக்கரத்துல எண்ணெய் ஒழுகுது” என்று சொன்னதற்கும் தேங்க் யூதான். டீ ஃபிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, எழுதிக் காட்டினார்களாம்.

சாப்பாடு. கறிக்குழம்பு, முள்ளுக் கத்திரிக்காய்த் தொக்கு, ரசம், மக்கன்பேடா. எழுபது வயதுக்காரர் மூன்று பேடா சாப்பிட்டதை அத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் அந்த நாளைப் பற்றிப் பேசினோம். 1998, நான் மூன்றாம் வகுப்பு. தளத்துக்குள் குடும்பத்தாரைக் கூட்டிப்போகும் நாள். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால் நின்றோம். மாமா எங்களோடு இல்லை, அவர் தன் ஆட்களோடு தூரத்தில் நின்றிருந்தார். முதலில் ஓடுபாதையின் கடைசியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. சத்தம் வருவதற்கு முன்பே, என் கையிலிருந்த டம்ளரில் டீயின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் வந்தன. வட்டத்துக்குள் வட்டம், நடுங்கிக்கொண்டே. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். அப்போது அது எங்கள் எதிரே வந்துவிட்டிருந்தது. சக்கரங்கள் உள்ளே. வயிறு வெள்ளை. அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு தாழ வந்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எங்களைத் தாண்டும்போது இடது இறக்கையை ஒரு முறை, வலது இறக்கையை ஒரு முறை மெல்லச் சாய்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை ஆடியதைப் பார்த்தேன். எனக்காகத்தான் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன்.

“கையெல்லாம் தெரியாதுடா” என்றார் மாமா. “நாலு கிலோமீட்டர அரை நிமிஷத்துல தாண்டறான். கையாம்!”

“இறக்கையை ஆட்டினாரே மாமா?”

“அது நிஜம். ராத்திரி முழுக்க மூணாம் நம்பர் இன்ஜின்ல வேலை. காலையில அஞ்சு மணிக்குத்தான் மூடினோம். கேப்டன் சார் வந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம போனார். மேல போய் இறக்கையை ஆட்டினாரு. எங்களுக்கு.”

“நீங்க என்ன பண்ணீங்க? கை காட்டினீங்களா?”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் பார்க்கவே இல்ல. கண்ண மூடிக்கினு நின்னுக்கினு இருந்தேன். மூணாம் நம்பர் சத்தம் மத்த மூணோட சேருதான்னு கேக்கணும் இல்ல? இறக்கைய ஆட்டினாருன்னு பக்கத்துல இருந்த பையன் அப்புறம் சொல்லித்தான் தெரியும்.”

சேர்ந்ததா என்று கேட்டேன். “பின்ன?” என்றார், கோபமாகவே.

டியூ விமானங்கள் 29 வருட வேலைக்குப் பிறகு 2017 மார்ச்சில் இதே அரக்கோணத்தில் ஓய்வு பெற்றன. ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். மாமா போனதில்லை. “இன்ஜின் ஓடாம நிக்கறதை நான் ஏன் பார்க்கணும்?” 2013-இலிருந்து இங்கே பறப்பது போயிங் பி-8ஐ. பயணிகள் விமானத்தின் உடம்பு, இரண்டே ஜெட் இன்ஜின். அத்தைக்கு ரொம்பத் திருப்தி, தவலை பேசுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்களே ராஜாளியில் வந்து இறங்கின. அந்த வாரம் மாமா மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை என்பது அத்தையின் வாக்குமூலம்.

நாலு மணிக்கு ஒரு போன் வந்தது. அந்தக் கேப்டன் சார். புனேயில் இருக்கிறாராம். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கூப்பிடுவாராம். இருவருக்குமே காது மந்தம். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இந்தியில் கத்திக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒன்று மட்டும் புரிந்தது. அந்தப் பக்கம் கேட்ட முதல் கேள்வி, “மூணாம் நம்பர் எப்படி இருக்கு?” மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே, “எண்ணெய் ஒழுகுது சார், ஆனா ஓடுது” என்றார்.

கிளம்பும் முன் மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு பி-8ஐ இறங்கப் போய்க்கொண்டிருந்தது. நான் மொபைலை எடுத்தேன். மாமா கையை அமுக்கி உள்ளே வைக்கச் சொன்னார். தளத்துப் பக்கம் படம் எடுக்கக் கூடாது, ஓய்வு பெற்றாலும் அவருக்கு அது அவருடைய தளம். அவர் மேலே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இதை ரயிலில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமாவிடமிருந்து இப்போதுதான் ஒரு செய்தி: “அந்தப் பொண்ணு ஆட்ட எண்ணச் சொல்லிட்டு நின்னுது பாரு, அது நல்ல பைலட்டா வந்திருக்கும். ஆனா 23-ஆ 24-ஆ? விசாரிச்சு சரியா எழுது.”

அப்துல்லாபுரத்துக்கு போன் போட்டேன். நண்பன் அம்மாவிடம் கொடுத்தான். அன்றைக்கு ஒன்று சினையாடாம். வயிற்றில் இருக்கிற குட்டியையும் சேர்த்துத்தான் அவர் எண்ணுவாராம்.